ஷீட்டில் இருக்கும் விலை வலைப்பக்கத்தில் மறைவது ஏன்? (நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்)

பாம்பனிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அன்றாட மீன் ஏல விலைகளை, மாதத்துக்கு ஒரு தாளாகக் கூகுள் ஷீட்டில் பதிந்து, வியாபாரிகள் கைபேசியிலேயே பார்க்கும்படி ஒரு வலைப்பக்கத்தில் காட்டுகிறார். மற்ற மாதங்களில் “வரத்து இல்லை” என்று எழுதிய கட்டங்கள் மட்டும் பக்கத்தில் வெறுமையாக இருக்கின்றன. மீன்பிடித் தடைக்காலத்திலோ “வரத்து இல்லை” தெரிகிறது, விலைகள் மறைந்துவிடுகின்றன. நிரலைப் பலவாறு மாற்றிப் பார்த்தும் பயனில்லை என்கிறார்.

நிரலை விட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் எந்த முகவரியிலிருந்து தகவலைப் பெறுகிறதோ, அதை உலாவியின் புதிய தாவலில் நேரடியாகத் திறந்து பாருங்கள். அங்கேயே விலை இல்லையென்றால், இல்லாத ஒன்றைப் பக்கம் எப்படிக் காட்டும்? அந்த முகவரியில் ‘ஜிவிஸ்’ (gviz) என்ற சொல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஷீட்டிலுள்ள தகவலை வலைப்பக்கங்கள் கேட்டுப் பெற கூகுள் வைத்திருக்கும் ஒரு வழி அது. காரணம் அதில்தான் இருக்கிறது. அந்த வழியில் கேட்கும்போது, கூகுள் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரே வகைத் தகவலைக் கொண்டது என்று எடுத்துக்கொள்கிறது. எண்ணும் எழுத்தும் கலந்திருந்தால் எது பெரும்பான்மையோ அதையே அந்த நெடுவரிசையின் வகையாக முடிவு செய்து, சிறுபான்மையாக இருப்பதை வெற்றிடமாக அனுப்பிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் பெரிய தொல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், சீலா, விளைமீன், கணவாய் என்று பல வரிசைகளில் நீங்கள் “வரத்து இல்லை” என்றே எழுதியிருப்பீர்கள். அப்போது எழுத்து பெரும்பான்மையாகிறது. நாட்டுப்படகில் வந்த கொஞ்ச மீனின் விலைகள் விழுந்துவிடுகின்றன. மற்ற மாதங்களில் இதே விதி தலைகீழாக வேலை செய்கிறது.

விலை நெடுவரிசையில் எண்ணை மட்டும் எழுதி, “வரத்து இல்லை” என்பதை எழுத, பக்கத்தில் ‘குறிப்பு’ என்று தனி நெடுவரிசை வைப்பதே என் பரிந்துரை. முழு நெடுவரிசையையும் எளிய உரையாக மாற்றினாலும் எல்லாம் தெரியும். ஆனால் விலைப்படி வரிசைப்படுத்தும்போது 1000 என்பது 200க்கு முன்னால் வந்து நிற்கும், சராசரியும் போட முடியாது. தாளை ‘இணையத்தில் வெளியிடு’ வழியாகச் சிஎஸ்வி வடிவில் (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) பெற்றால் கட்டத்தில் தெரிவது அப்படியே வரும், ஆனால் ஷீட்டில் செய்த மாற்றம் அதில் தெரியச் சில நிமிடங்கள் ஆகலாம். ஏலம் நடக்கும் நேரத்தில் அந்தத் தாமதத்தை வியாபாரிகள் பொறுப்பார்களா என்பதை நீங்களே அறிவீர்கள்.

மாதத்தின் முதல் 12 நாட்களில் மாதமும் தேதியும் இடம் மாறுவதாகவும், அதற்குப் பின் தேதியே வருவதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஷீட் அமெரிக்க முறைக்கு அமைந்திருக்கிறது. 5/6/2025 என்று எழுதினால் அது மே 6 என்று கொள்ளும். 15/6/2025 என்பதில் 15ஆவது மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும், பிறகு மேலே சொன்ன அதே பெரும்பான்மை விதி அங்கும் நுழையும். அமைப்புகளில் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். ஏற்கெனவே தவறாகப் பதிந்த தேதிகள் அதனால் திருந்தமாட்டா, அவற்றை மறுபடி எழுதத்தான் வேண்டும். இன்னொன்று, ஜிவிஸ் வழியில் வரும் தேதியில் மாதம் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுவதால், ஜூன் மாதம் ‘5’ என்ற எண்ணாகத்தான் வரும். அதைப் பிழை என்று எண்ணி ஷீட்டைத் திருத்தப் போகாதீர்கள்.

எக்செல்லில் சிஎஸ்வியாகச் சேமித்த பிரதியில் மீன் பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், சேமிக்கும்போதே தமிழ் எழுத்துகள் அழிந்துவிட்டன என்று பொருள். அந்தப் பிரதியை மீட்க வழியில்லை. மூலத் தாளைத் திறந்து, ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ (யுடிஎஃப்-8 என்பது தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் குறியீட்டு முறை) என்ற வகையைத் தேர்ந்தெடுத்து மறுபடி சேமியுங்கள். கேள்விக்குறிக்குப் பதிலாக, வலைப்பக்கத்தில் தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். தகவல் பத்திரமாக இருக்கிறது, அந்தப் பக்கத்தின் நிரலில் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்ற அறிவிப்பைச் சேர்த்தால் போதும்.