லிஸ்பன்: ஆடிய நிலமும் எழுந்த நகரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பியத் தலைநகர் ஒன்றின் வரலாற்றைப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, லண்டனோ பாரிஸோ வரும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனை. நம் பள்ளிப் பாடத்தில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் வந்து இறங்குவார், அதோடு சரி. அவர் கிளம்பி வந்த ஊருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது பாடத்தில் இல்லை. அந்தக் கதைதான் இன்றைக்கு.

தேஜோ ஆறு அட்லாண்டிக்கில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கடல் மாதிரி அகன்று விரிகிறது. அதன் வடகரைக் குன்றுகளில் இருக்கிறது ஊர். புயலுக்கு ஒதுங்கக் கப்பல்களுக்கு இதைவிட நல்ல இடம் அந்தக் கடற்கரையில் கிடையாது. ஃபினிசியர்கள் வந்தார்கள், ரோமானியர்கள் வந்தார்கள், 8ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் வந்து ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆண்டார்கள். 1147இல் அஃபோன்சோ என்ரிக்கெஸ் என்ற அரசர் ஊரை முற்றுகையிட்டார். அவருடைய படை மட்டும் போதவில்லை. சிலுவைப் போருக்காக எருசலேமை நோக்கிக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ஆங்கிலேயர்களையும் ஜெர்மானியர்களையும் ஃபிளாண்டர்ஸ்காரர்களையும் வழியில் நிறுத்தி, கொள்ளையில் பங்கு தருகிறேன் என்று பேசி முடித்துத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். ஜூலையில் தொடங்கிய முற்றுகை அக்டோபரில் முடிந்தது. பின்னர் முஸ்லிம்களுக்குக் கோட்டைக் குன்றின் அடியில், மதிலுக்கு வெளியே இடம் ஒதுக்கினார்கள். அந்தப் பகுதிக்கு இன்றும் மொராரியா என்றுதான் பெயர். அடுத்த நூற்றாண்டின் நடுவில் கொயம்ப்ராவிலிருந்த அரசவை லிஸ்பனுக்கு வந்து சேர்ந்தது.

இனி மிளகுக்கு வருவோம். 1497 ஜூலையில் புறப்பட்ட வாஸ்கோ ட காமா 1499இல் திரும்பி வந்தார். மன்னர் மனுவேல் மலைமேல் இருந்த கோட்டையை விட்டிறங்கி ஆற்றங்கரையிலேயே புது அரண்மனை கட்டிக்கொண்டார். இந்திய வணிகத்தைக் கவனித்த அலுவலகமும் கிடங்கும் அந்த அரண்மனையோடு சேர்ந்தே இருந்தன. பிரெஞ்சு மன்னர் இவரை மளிகைக்கடை ராஜா என்று கேலி செய்ததாகச் சொல்வார்கள். கேலியில் பொறாமைதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெலேம் பகுதியில் சுற்றுலாக்காரர்கள் இன்று வரிசையில் நின்று பார்க்கும் ஜெரோனிமோஸ் மடத்தின் வேலை 1501இல் தொடங்கியது. கீழைநாட்டு வணிகத்தின் மீது போட்ட ஐந்து சதவீத வரிதான் அதற்குப் பெரிய ஆதாரம். நம் மேற்குக் கரை மிளகும் அந்தக் கல்தூண்களில் இருக்கிறது.

1515 மே மாதம் அந்தத் துறைமுகத்தில் ஒரு காண்டாமிருகம் வந்து இறங்கியது. குஜராத் சுல்தான் கோவாவின் ஆளுநருக்குக் கொடுத்ததை, அவர் மன்னருக்கு அனுப்பிவைத்தார். ஐரோப்பா ரோமானியர் காலத்துக்குப் பிறகு காண்டாமிருகத்தைப் பார்த்ததே இல்லை. மன்னர் அதை ஒரு யானையோடு மோதவிட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். யானை ஓடிவிட்டது. அப்புறம் அதைப் போப்பாண்டவருக்குப் பரிசாகக் கப்பலில் ஏற்றினார்கள். இத்தாலியக் கரையோரம் கப்பல் கவிழ்ந்து, சங்கிலியில் கட்டியிருந்த விலங்கும் மூழ்கிவிட்டது. ஜெர்மன் ஓவியர் டியூரர் அதை நேரில் பார்க்காமலேயே, லிஸ்பனிலிருந்து வந்த விவரத்தையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்துக்கொண்டு வரைந்த படம் இன்று உலகப் புகழ் பெற்றது.

இந்தச் செழிப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது சுற்றுலாத் துறையின் விளம்பரமாகிவிடும். 1497இல் போர்ச்சுகலின் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். 1506 ஏப்ரலில் சாவ் தொமிங்கோஸ் தேவாலயத்தில், சிலுவையில் தெரிந்த ஒளியை அற்புதம் என்று கூட்டம் கொண்டாடியபோது, அப்படி மாறிய ஒருவர் சந்தேகமாக ஏதோ சொன்னார். அவரை அங்கேயே கொன்றார்கள். கலவரம் சில நாள் நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். இன்னொன்றும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் நகர மக்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு. தண்ணீர் சுமந்ததும் கழிவு சுமந்ததும் அவர்கள்தான்.

அதே நூற்றாண்டில், 1554இல், லிஸ்பனில் தமிழ் நூல் ஒன்று அச்சாயிற்று. கிறிஸ்தவப் பிரார்த்தனைகளும் போதனையும் கொண்ட சிறு நூல். தமிழை ரோமன் எழுத்தில் போட்டு, போர்ச்சுகீசியத்தையும் சேர்த்திருந்தார்கள். அதன் ஆக்கத்தில் இந்தியர் மூவரின் பெயர்கள் இருக்கின்றன. தமிழ் எழுத்தில் அச்சான நூல் கொல்லத்தில் வெளிவர இன்னும் இருபத்துநான்கு ஆண்டுகள் ஆயின.

1580 முதல் அறுபது ஆண்டுகள் ஸ்பானிய மன்னர்களின் கீழ் இருந்த காலத்தைத் தாண்டிப் போகிறேன். 18ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் கிடைத்த தங்கம் கொட்டியது. ஜொவாவ் மன்னர் மடங்களிலும் தேவாலயங்களிலும் அதை வாரி இறைத்தார். ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த மேல்வாய்க்கால் அவர் காலத்தில்தான் 1731இல் தொடங்கியது. அதற்கு மக்களிடம் இறைச்சிக்கும் ஒயினுக்கும் எண்ணெய்க்கும் வரி போட்டார்கள்! அல்காந்தரா பள்ளத்தாக்கில் அதன் வளைவுகளில் உயரமானது 65 மீட்டர். அடுத்து நடந்ததில் அது விழவில்லை.

1755 நவம்பர் 1. புனிதர் அனைவரின் திருநாள். காலை ஒன்பதரை மணி தாண்டியிருந்தது. தேவாலயங்கள் நிரம்பியிருந்தன, பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. நிலம் பல நிமிடங்கள் ஆடியது, விட்டு விட்டு ஆடியது. கூரைகள் பிரார்த்தனையில் இருந்தவர்கள் மேல் இறங்கின. பிழைத்தவர்கள் சுவர் இல்லாத வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தண்ணீர் முதலில் உள்வாங்கி ஆற்றின் அடிமண் தெரிந்தது. பிறகு அலை வந்தது. 2004 டிசம்பரில் நம் கடற்கரை கண்டதை நினைத்துக்கொண்டால் போதும், நான் விவரிக்க வேண்டியதில்லை. அலை வடிந்த பிறகும் விடவில்லை. விழுந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் மூட்டிய தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆற்றங்கரை அரண்மனை, அதன் நூலகம், அந்த ஆண்டுதான் திறந்த ஓப்பரா அரங்கு எல்லாம் போயின. இறந்தவர்கள் 30,000 முதல் 40,000 வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. குடியிருந்தவர்கள் இரண்டு லட்சம் அளவில்தான்.

மன்னர் ஜொசே அன்று பெலேமில் இருந்ததால் தப்பினார். ஆனால் கல் கட்டடத்துக்குள் படுக்க அவருக்கு அதன்பிறகு துணிவு வரவில்லை. அஜூடா மேட்டில் முதலில் கூடாரத்திலும் பிறகு மரமாளிகையிலும் சாகும்வரை வாழ்ந்தார். காரியத்தைக் கையில் எடுத்தவர் அமைச்சர் கர்வால்யு. பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர். கொள்ளைநோய் வராமல் இருக்கப் பிணங்களைப் படகில் ஏற்றிக் கடலில் அமிழ்த்தச் செய்தார். திருச்சபை அதற்கு ஒப்புக்கொண்டது. தானிய விலையைக் கட்டுப்படுத்தினார். கொள்ளையடித்தவர்களைத் தூக்கில் போட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். இவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எதிரிப் பிரபுக் குடும்பம் ஒன்றைப் பின்னாளில் குடும்பத்தோடு ஒழித்தவர். நிலநடுக்கம் கடவுளின் தண்டனை என்று எழுதிய மலாக்ரிதா என்ற கிழட்டு இயேசு சபைத் துறவியையும் 1761இல் மதவிசாரணையின் பேரில் சாகடித்தார்கள். ஆனால் வேலை தெரிந்த மனிதர்.

அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கேள்வித்தாள். நாடு முழுவதும் பங்குக் குருமாருக்கு அனுப்பினார்கள். எத்தனை நிமிடம் ஆடியது, எந்தத் திசையிலிருந்து வந்தது போலிருந்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, கிணறுகளில் என்ன மாற்றம், எத்தனை பேர் இறந்தார்கள். ஐரோப்பாவின் தத்துவவாதிகள் இறைவன் ஏன் இதைச் செய்தான் என்று வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், கிராமத்துப் பாதிரியார்கள் உட்கார்ந்து இவற்றுக்குப் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்களை நிலநடுக்க ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

நகரத்தை எப்படித் திரும்பக் கட்டுவது என்று மனுவேல் த மாயா என்ற ராணுவப் பொறியாளரைக் கேட்டார்கள். எண்பதை நெருங்கிய வயது அவருக்கு. இருந்தபடியே கட்டுவதிலிருந்து வேறிடம் போவது வரை பல வழிகளை எழுதிக் கொடுத்தார். முடிவில், தாழ்வான நடுப்பகுதியை முழுக்கச் சமப்படுத்தி நேர்கோட்டுத் தெருக்கள் போட்டார்கள். அதுதான் இன்றைய பாய்ஷா. பொற்கொல்லர், வெள்ளி வேலைக்காரர், செருப்புத் தைப்பவர் என்று தொழிலுக்கொரு தெரு. ஈரமண்ணில் பைன் மரத்தூண்களை அடித்திறக்கி, அதன்மேல் அடித்தளம். சுவருக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டக் கூண்டு. நிலம் ஆடினால் கல் உதிர்ந்தாலும் கூண்டு வளைந்து நிற்க வேண்டும் என்பது கணக்கு. மாதிரி ஒன்றைச் செய்து, சுற்றிலும் சிப்பாய்களைக் கால் உதைத்து நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்வதுண்டு. அரண்மனை இருந்த இடத்தைத் திறந்தவெளியாக்கி வணிகச் சதுக்கம் என்று பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் இன்னமும் அதை அரண்மனைத் திடல் என்றே சொல்கிறார்கள்.

1807 நவம்பரில் நெப்போலியனின் படை நெருங்கியதும் அரச குடும்பம் மொத்தமும் பிரேசிலுக்குக் கப்பலேறியது. மறுநாள் பிரெஞ்சுக்காரர்கள் நுழைந்தார்கள். 1821 வரை பேரரசு ரியோவிலிருந்துதான் ஆளப்பட்டது. 1908இல் அந்தத் திடலிலேயே மன்னரையும் மூத்த மகனையும் சுட்டுக்கொன்றார்கள். 1910இல் குடியரசு. கொஞ்ச காலத்தில் சர்வாதிகாரம். சர்வாதிகாரி சலசார் 1968 வரை ஆண்டார். அவருக்குப் பிறகும் அந்த ஆட்சி தொடர்ந்தது.

வானொலியில் பேசுகிறேன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. 1974 ஏப்ரல் 24 இரவு பதினொன்றுக்குச் சற்று முன் லிஸ்பன் நிலையம் ஒன்று, அந்த ஆண்டு யூரோவிஷன் போட்டிக்குப் போர்ச்சுகல் அனுப்பிய காதல் பாட்டைப் போட்டது. நள்ளிரவு தாண்டி இருபது நிமிடத்தில் வேறொரு நிலையம் ஜொசே அஃபோன்சோவின் பாட்டை ஒலிபரப்பியது. இரண்டும் அந்த ஆட்சியைக் கவிழ்க்கக் காத்திருந்த இளம் ராணுவ அதிகாரிகளுக்கான சமிக்ஞை. விடிவதற்குள் ராணுவ வண்டிகள் தலைநகரில் இருந்தன. வீட்டை விட்டு வராதீர்கள் என்று வானொலியில் கேட்டுக்கொண்டும் ஜனங்கள் தெருவுக்கு வந்து சிப்பாய்களின் துப்பாக்கிக் குழலில் கார்னேஷன் பூ செருகினார்கள். பிரதமர் கைத்தானோ ஒளிந்திருந்த படைமுகாம் கார்மோ சதுக்கத்தில், 1755இல் கூரை இழந்த பழைய மடத்தை ஒட்டி இருக்கிறது. அன்று மாலையே அவர் சரணடைந்தார். ரகசியப் போலீஸ் தன் அலுவலகத்திலிருந்து சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனிகளான அங்கோலாவும் மொசாம்பிக்கும் விடுதலை பெற்றன. அங்கே குடியேறியிருந்த போர்ச்சுகீசியர்கள் ஐந்து லட்சம் பேர் அளவில் திரும்பி வந்தார்கள். கடலோடிகளின் பெருமைக்காக பெலேமில் எழுப்பிய நினைவுச் சின்னத்தைச் சுற்றி அவர்களுடைய மரப்பெட்டிகளை அடுக்கிவைத்திருந்த புகைப்படங்கள் இருக்கின்றன. அதன்பிறகு கேப் வெர்டிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும், பின்னர் பிரேசில், வங்கதேசம், நேபாளத்திலிருந்தும் மக்கள் வந்து தங்கினார்கள். 1147க்குப் பிறகு முஸ்லிம்களை மதிலுக்கு வெளியே இருத்திய அதே மொராரியாவில் இப்போது வங்கதேசத்தவர்கள் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள், தொழுகைக்கு இடமும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைகளில் நம்மூர் மிளகும் கிடைக்கும்.

நன்றி, வணக்கம்.