பூனை கண்டுபிடித்ததா, மீசை கண்டுபிடித்ததா?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

மேடையேறினால் அவையடக்கம் சொல்ல வேண்டும். அதற்கு எல்லோரும் கம்பரிடம்தான் கடன் வாங்குவோம். பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று கிளம்பிய பூனையைப்போல ராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்கிறார். 'ஒரு பூசை முற்றவும் நக்குபு புக்கென.' இன்றைக்கு அந்த வரியைக் கடனாக இல்லாமல் உரிமையோடே எடுத்துக்கொள்கிறேன். பேசப்போவது பூனையைப் பற்றி. கடலும் இருக்கிறது: 29 நாவல்கள்.

லில்லியன் ஜாக்சன் பிரௌன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1966இல் தொடங்கி 2007 வரை எழுதிய 'தி கேட் ஹூ' துப்பறியும் நாவல் வரிசை. ஜிம் குவில்லரன் என்று ஒரு பத்திரிகைக்காரர், புதர் மாதிரி மீசை. அவரோடு கோகோ, யம் யம் என்று இரண்டு சயாமிஸ் பூனைகள். ஊரில் ஒரு கொலை விழும். கோகோ அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தள்ளிவிடும். குவில்லரனுக்கு மேலுதட்டில் மீசை குறுகுறுக்கும். கொஞ்ச நேரத்தில் கொலைகாரன் அகப்பட்டுவிடுவான். இவ்வளவுதானா என்று ஒரு கட்சி. இவ்வளவு போதுமே என்று இன்னொரு கட்சி.

போன மாதம் நாம் ஆளுக்கொன்றாக எடுத்துப் படித்துவிட்டு வந்தோமே, அந்தக் கூட்டம் எப்படி முடிந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். "பாதிப் புத்தகம் தாண்டித்தான் கொலையே நடக்கிறது, அதையும் யாரோ போனில் சொல்கிறார்கள்" என்றார் ஒரு நண்பர். பக்கத்தில் இருந்த அக்கா, "அதுக்குத்தான் சார் நான் படிக்கிறேன், படிச்சுட்டு விளக்கை அணைச்சா தூக்கம் வரும்" என்றார். இரண்டு பேரும் சொன்னது ஒரே குணத்தைத்தான். ஒருவருக்கு அது குறை, மற்றவருக்கு அதுதான் மருந்து. 'கோஸி மிஸ்டரி', அதாவது இதமான துப்பறியும் கதை என்று இந்த வகைக்குப் பெயரே அப்படித்தான் வந்தது. ரத்தம் கண்ணில் படாது. சாப்பாடு நிறைய வரும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, அந்த ஆசைக்காரர்களுக்கான கதை.

ஆனால் சண்டையை ரசனை வேறுபாடு என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. இந்த 29 நாவல்களும் ஒரே சரக்கு கிடையாது. திட்டுகிறவர் ஒரு பிரௌனைத் திட்டுகிறார், கொண்டாடுகிறவர் வேறொரு பிரௌனைக் கொண்டாடுகிறார்.

அந்த அம்மையார் டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். வீடு, கலை, அலங்காரம் இதெல்லாம் அவருடைய பகுதி. அவர் வளர்த்த சயாமிஸ் பூனை பத்தாவது மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனது. யாரோ தள்ளிவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அந்தத் துக்கத்தையும் ஆத்திரத்தையும் தணித்துக்கொள்ள ஒரு சிறுகதை எழுதினார். 1962இல் எல்லரி குவீன் என்ற துப்பறியும் கதை இதழில் வந்தது. இத்தனை மென்மையான ஒரு வரிசையின் வேரில் ஒரு பூனைக் கொலை கிடக்கிறது.

முதல் மூன்று நாவல்கள் 1966, 67, 68 என்று வரிசையாக வந்தன. முதலாவதில் குவில்லரனுக்குக் கலைச் செய்தி எழுதும் வேலை, இரண்டாவதில் வீட்டு அலங்காரம், மூன்றாவதில் பழம்பொருள் வியாபாரம். எழுதியவருக்கு அந்த உலகங்கள் உள்ளங்கை நெல்லிக்கனி. யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், எந்த நாற்காலிக்காக மனுஷன் பொய் சொல்லுவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். குவில்லரனும் அப்போது முழு ஆளாக இருந்தார். மணமுறிவு ஆனவர், குடியிலிருந்து மீண்டவர், விருந்தில் எல்லோரும் கோப்பையைத் தூக்கும்போது தக்காளிச் சாறு கேட்கிறவர், கையில் காசில்லாதவர். அந்த நிலைமையில் ஒரு பூனை வந்து சேர்கிறது. அதை வளர்த்த கலை விமர்சகர் கொலையாகிவிட, கோகோ இவர் தலையில் விழுகிறது. அது செய்தித்தாள் தலைப்பை வலமிருந்து இடமாகப் படிக்கிறதாம்! பூனை குறுக்கே போனாலே செருப்பைக் கழற்றி உட்கார்ந்துவிட்டுப் போகிற ஊர் நம்முடையது. அங்கே அது தலையங்கம் படிக்கிறது.

மூன்றாவதுக்குப் பிறகு 18 வருஷம் ஒன்றுமே வரவில்லை. பதிப்பாளர்களுக்குக் கவர்ச்சியும் அடிதடியும் வேண்டியிருந்தது, இவருடைய பூனைகளுக்கு இடமில்லை. நாலாவது கையெழுத்துப் படி வீட்டில் தூங்கியது. அதைத் திரும்ப அனுப்பச் சொல்லி ஊக்கினவர் கணவர். 1986இல் மலிவுப் பதிப்பாக வந்து, துப்பறியும் கதைகளுக்கான எட்கர் விருதின் இறுதிப் பட்டியல் வரை போனது. அதற்குப் பிறகு தேர் நிற்கவே இல்லை.

இனிமேல்தான் கட்சி பிரிகிறது. 1987இல் வந்த நாவலில் குவில்லரனுக்குப் பெரிய சொத்து வந்து விழுகிறது. நகரத்தை விட்டு 'எல்லாவற்றுக்கும் 400 மைல் வடக்கே' இருக்கும் மூஸ் கவுண்டிக்குப் போய்விடுகிறார். பிக்ஆக்ஸ் என்ற சின்ன ஊர், ஜனத்தொகை 3,000. மனிதர் பணத்தை அறக்கட்டளையில் போட்டுவிட்டுப் பழைய ஆப்பிள் களஞ்சியத்தைப் புதுப்பித்துக் குடியேறி, உள்ளூர்ப் பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டு, நூலகர் பாலி டங்கனோடு இரவு உணவுக்குப் போய்வருகிறார். பிக்ஆக்ஸைச் சொந்த ஊர் மாதிரி நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போய் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களுக்குக் கொலை, ஊருக்குப் போவதற்கு ஒரு சாக்கு.

எனக்கும் பிக்ஆக்ஸ் பிடிக்கும். ஆனால் காசில்லாத குவில்லரனைத்தான் இன்னும் அதிகம் பிடிக்கும். கேட்டது கிடைக்கிற மனிதனுக்குப் பூனை தேவைப்படுவதில்லை, அலங்காரமாக இருக்கிறது.

சரி, பூனைக்கு வருகிறேன். "பூனை புத்தகத்தைத் தள்ளிவிட்டால் அது துப்பா? கேட்கிறவன் கேனையனா?" என்று போன மாதம் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பிரௌன் எங்கேயும் பூனைக்குத் தெரியும் என்று அடித்துச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கோகோ தள்ளியது தற்செயலாகவும் இருக்கலாம். சயாமிஸ் பூனை எதைத்தான் தள்ளாது? குவில்லரனே வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார். ஆரம்ப நாவல்களில் இரண்டு பேரும் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள்: கோகோ பெரிய அகராதியில் நகத்தைப் பதிக்கும், திறந்த பக்கத்தில் உள்ள சொல்லுக்குக் குவில்லரன் பொருள் சொல்ல வேண்டும். ஜெயிப்பது பூனைதான் என்று வைத்துக்கொள்வது விளையாடுகிற மனிதனின் பெருந்தன்மை. துப்பறிவதிலும் அதே ஆட்டம்தான் நடக்கிறது. யோசிப்பது மீசைக்காரர், பேர் வாங்குவது பூனை.

இதோடு 1990இல் ரீட்டா மே பிரௌன் தொடங்கிய, மிஸஸ் மர்ஃபி என்ற பூனையின் வரிசையை ஒப்பிடலாம். தமிழில் எழுதினால்தான் பெயர் ஒன்று, இருவரும் வேறு. அங்கே பூனையும் நாயும் தங்களுக்குள் வாய்விட்டுப் பேசுகின்றன, மனிதர்களுக்குத்தான் கேட்காது. அட்டையில் அவர் வளர்த்த பூனைக்கும் ஆசிரியர் இடம் உண்டு. ஜப்பானில் ஜிரோ அகாகவா 1978லேயே ஹோம்ஸ் என்ற மூவண்ணப் பூனையை இறக்கிவிட்டார். ரத்தத்தைக் கண்டால் மயங்கிவிழும் போலீஸ்காரருக்கு அது துணை. பேசும் பூனை எனக்கு ஒத்துவரவில்லை. பேசிவிட்டால் அது ரோமம் முளைத்த மனிதர். கோகோவின் அழகே அது வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாததில் இருக்கிறது.

இப்போது கசப்பான பகுதி. கடைசி ஆறேழு நாவல்களைப் பற்றி அந்த வரிசையின் பழைய வாசகர்களே கோபமாகப் பேசுகிறார்கள். வேறு யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. அதற்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை, தேவையும் இல்லை. 2007இல் 29ஆவது வந்தபோது அம்மையாருக்கு வயது 93. அந்த வயதில் எழுதினார் என்பது வியப்புதான். ஆனால் வயதைக் காட்டி வாசகரின் வாயை அடைப்பதும் சரியில்லை. கடை வாசலில் காசு கொடுக்கும்போது யாரும் வயதுத் தள்ளுபடி தருவதில்லை. புத்தகம் மெலிந்துபோயிருந்தது. ஆட்கள் வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள், கொலை எதற்கு நடந்தது என்று கேட்க யாருக்கும் அக்கறையில்லை. கடைசி நாவலில் பாலி பாரிஸுக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறார். ஆப்பிள் களஞ்சியம் தீயில் போகிறது. பதினைந்து வருஷத்துக்கு மேல் வருகிற போகிற வீடு எரிந்ததை ஏதோ தபால் வந்த மாதிரி சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறது கதை. வாசகர்கள் பொறுக்காமல் போனது அந்த இடத்தில்தான். என் கணக்கில் குற்றம் எழுதியவர் மேல் பாதி, அதை அப்படியே அச்சுக்கு அனுப்பியவர்கள் மேல் பாதி. முப்பதாவது நாவல் ஒன்று அறிவிக்கப்பட்டு வராமலே நின்றது. 2011 ஜூனில், 97 வயதில், அவர் காலமானார்.

முன் வரிசையில் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: 'எதிலிருந்து தொடங்குவது?' ஐயா, முதல் நான்கையும் வரிசையாகப் படியுங்கள். பிடித்தால் மூஸ் கவுண்டிக்குப் போங்கள், பத்துப் பன்னிரண்டு வரை பயமில்லை. இருபது தாண்டினால் என்னைக் குறைசொல்லக் கூடாது. நாலாவது என் பையிலேயே இருக்கிறது. ஓரத்தில் பல் பதிந்திருக்கும். அது எங்கள் வீட்டுக்காரி செய்த விமர்சனம், மூன்று வயது, சாம்பல் நிறம். பாராட்டா கண்டனமா என்று இதுவரை பிடிபடவில்லை.

வணக்கம்.