நடுபெஞ்சுப் பிள்ளைக்கு மலையில் ஒரு பள்ளிக்கூடம்

(குன்னூரில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியது, எழுத்து வடிவில்)

எல்லோருக்கும் வணக்கம். கடைசி வரிசையில் இருக்கிறவர்கள் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள், மிஸ்ட் உள்ளே வருகிறது. புதிதாக வந்தவர்களுக்கு அது அழகு. எங்களுக்கு, துணி காயாது.

உங்களில் பாதிப்பேர் இந்த வருடம் மாற்றலாகி மலையேறியவர்கள் என்று சொன்னார்கள். வங்கி, தபால் ஆபீஸ், வெலிங்டன் ராணுவ முகாம், அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரி, டீ எஸ்டேட். வீடு பார்த்தாயிற்று, கேஸ் மாற்றியாயிற்று, பிள்ளைக்கு ஸ்வெட்டரும் வாங்கியாயிற்று. பள்ளிக்கூடம்தான் இன்னும் முடிவாகவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதால் மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி நான் இன்று பேசப்போவதில்லை. அவர்களை எங்கே நட்டாலும் பிடித்துக்கொள்வார்கள். படிப்பு சுத்தமாக ஏறாத பிள்ளையையும் டீச்சருக்குப் பெயர் சொல்லித் தெரியும். நடுவில் 45, 55 என்று வாங்குகிற பிள்ளைதான் யார் கண்ணிலும் படாது. சேட்டை செய்யாது, பரிசும் வாங்காது. அந்தப் பிள்ளையின் அம்மா வந்தால் நாங்கள் சொல்லும் ஒரே வரி, “இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணினா நல்லா வருவான்மா.” நானே அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இந்த மலைக்கு ஒரு பெயர் உண்டு. “ஊட்டி கான்வென்ட்ல படிச்ச பொண்ணு” என்று சினிமாவில் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்கள் குளிருக்காக வந்தார்கள், தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிகளைக் கட்டினார்கள். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-இல் ஆரம்பித்தபோது அது சிப்பாய்களின் பிள்ளைகளுக்கும் அனாதைகளுக்குமான இடம். முதல் மார்க் வாங்கியவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்த இடமில்லை. அதை இங்கே பலரும் மறந்துவிட்டார்கள். உறைவிடப் பள்ளிகளின் கட்டணம் நம் சம்பளத்துக்கு எட்டாது, விடுங்கள். அந்தப் பெயரின் நிழலில் நடக்கிற நடுத்தரப் பள்ளிகளில்தான் நாம் ஏறி இறங்கப்போகிறோம். அங்கே போகும்போது கோட்டும் டையும் பார்த்து மயங்க வேண்டாம்.

வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருப்பார்கள். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. சந்தோஷம். ஆபீஸில் உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தப் பத்தாம் வகுப்பு செட், எட்டாம் வகுப்பில் எத்தனை பேராக இருந்தார்கள்?” எட்டில் எழுபது பேர், பத்தில் நாற்பத்தெட்டுப் பேர் என்றால் மிச்சம் இருபத்திரண்டு பேர் எங்கே போனார்கள்? எல்லோருடைய அப்பாவுக்குமா மாற்றல் வந்தது? நேரே கேட்கக் கூச்சமாக இருந்தால், ஹாலில் வரிசையாக மாட்டியிருக்கும் குரூப் போட்டோக்களை எண்ணுங்கள். நான் எண்ணுவேன். கணக்கு டீச்சர் புத்தி.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் மகனுக்கே நடந்தது. ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்ததும் கூப்பிட்டனுப்பினார்கள். பள்ளிப் பெயர் வேண்டாம். “டீச்சர், உங்களுக்கே தெரியும், பையனுக்கு வேற ஸ்கூல் பாத்துட்டா அவனுக்கும் நல்லது.” காபி கொடுத்தார்கள், டிசியும் கொடுத்தார்கள். கணக்கில் 41 வாங்கியிருந்தான். தேர்ச்சி மதிப்பெண் 35. நான் வேலை பார்த்த பள்ளியில் அதே வேலையை வேறு பிள்ளைகளுக்கு நாங்கள் செய்துகொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்குப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் எதுவும் வைக்கக் கூடாது. வைத்தால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும்போது டிசி வர நாளாகிறது என்று சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்த மலையில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய. அங்கே போய்ச் சட்டம் பேசிப் பிரயோஜனமில்லை. ஒன்பதாம் வகுப்பு முதல் எந்தப் பள்ளியிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் பிள்ளை இப்போது எட்டில் இருந்தால், பத்து வரை வைத்துக்கொள்வார்களா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அடுத்தது ரோடு. கீழே இருந்து வந்தவர்கள் கிலோமீட்டரில் பேசுவார்கள். குன்னூரிலிருந்து ஊட்டி சுமார் 19 கிலோமீட்டர், அரை மணி நேரம் என்பார்கள். சீசனில், மே மாதத்தில் ஒருநாள் போய்ப் பாருங்கள். வேனில் முதலில் ஏறி கடைசியில் இறங்கும் பிள்ளை வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் தொடுமா? கெட்டிக்காரப் பிள்ளை வேனிலேயே படித்துவிடும். நம் பிள்ளைக்குச் சாயங்காலத்து ஒன்றரை மணி நேரம் போனால் அன்றைய பாடமே போய்விடும். மழையையும் கணக்கில் சேருங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர். மண் சரிந்தால் ரோடு மூடும், கலெக்டர் லீவு விடுவார், அப்புறம் சனிக்கிழமை வகுப்பு. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையா என்றும் பாருங்கள். இருட்டும் நேரத்தில் அந்தப் பாதையில் காட்டெருமை நிற்கும், கோத்தகிரிப் பக்கம் கரடியும். நடந்து போகிற தூரத்தில் சுமாரான பள்ளி இருந்தால், இரண்டு மலை தாண்டியிருக்கும் நல்ல பள்ளியை விட அதுதான் மேல் என்பேன். என் தோழி ஒருத்தி இதை ஒப்புக்கொள்ளவே மாட்டாள். அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் ராங்க் வாங்கியவர்கள்.

பாடத்திட்டம் பற்றிக் கேட்கிறீர்கள். சிபிஎஸ்இயில் படித்த பிள்ளையைப் பத்தாம் வகுப்பு வாசலில் ஸ்டேட் போர்டுக்கு மாற்றுவதும், ஸ்டேட் போர்டிலிருந்து சிபிஎஸ்இக்கு மாற்றுவதும் இரண்டுமே வதைதான். முடிந்தால் எதில் இருக்கிறதோ அதிலேயே விடுங்கள். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணக்கில் ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு வினாத்தாள் உண்டு. பதினொன்றில் கணக்கு எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தால் கௌரவம் பார்க்காமல் பேசிக் எழுதட்டும். வெளிமாநிலத்திலிருந்து வந்த பிள்ளை என்றால் தமிழை மறக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. பேசத் தெரியும், எழுதத் தெரியாது என்கிற பிள்ளைக்கு என்ன வழி என்று சேர்க்கும் அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள், பத்தாம் வகுப்பில் போய் முழிக்க வேண்டாம்.

அரசுப் பள்ளி என்றதும் முகம் மாறுகிறது, இங்கிருந்தே தெரிகிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத இடம் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது உண்டு. மெடிக்கல் சீட் நம் நடுபெஞ்சுக்காரனுக்கு எட்டாமல் போகலாம், இவை எட்டும். கல்லூரிக்குப் போனால் பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய். அதனால் பிள்ளை ஐந்து முடித்து ஆறுக்குப் போகிற வருடத்தில் மாற்றலாகி வந்திருந்தால், ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசியுங்கள். எல்லா அரசுப் பள்ளியும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பக்கத்தில் இருப்பது எப்படி என்று போய்ப் பார்க்காமலே ஒதுக்குகிறீர்கள் என்கிறேன்.

போய்ப் பார்க்கும்போது ஸ்மார்ட் போர்டைக் காட்டுவார்கள், கம்ப்யூட்டர் லேப் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டைக் கேளுங்கள். முதல் ராங்க் நோட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். “சும்மா நடுவிலிருந்து ஒன்று எடுங்க” என்று சொல்லுங்கள். தப்பான கணக்கைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிட்டுப் போயிருக்கிறாரா, எந்த வரியில் தப்பு என்று வட்டம் போட்டிருக்கிறாரா, அதன் கீழே பிள்ளை திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறதா? இவ்வளவுதான். வட்டம் போடுகிற டீச்சர் இருக்கும் பள்ளியில் ஓடு ஒழுகினாலும் சேர்க்கலாம். அப்புறம், பதினொன்றில் என்னென்ன குரூப் இருக்கிறது, சொந்தப் பிள்ளைகளுக்கே கட்-ஆஃப் வைப்பார்களா என்றும் கேளுங்கள். மலையில் சின்னப் பள்ளிகளில் இரண்டு குரூப்தான் இருக்கும். அது ஒத்துவராத பிள்ளைக்குப் பத்து முடித்ததும் ஊட்டி அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, குன்னூரில் அரசு ஐடிஐ இருக்கிறது. டிப்ளமோ முடித்தால் நேரே இரண்டாம் வருடம் பிஇ சேரலாம்.

என் மகன் அந்த வழியில்தான் போனான். டிசி வாங்கிய பிறகு வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளி, அங்கே ஒரு சயின்ஸ் சார். இவனை முன்பெஞ்சுக்கு மாற்றவில்லை, தனியாக டியூஷனும் எடுக்கவில்லை. லேப் சாவியை இவன் கையில் கொடுத்தார். தினமும் திறந்து பூட்டுவது இவன் வேலை. பத்தாம் வகுப்பில் 500-க்கு 298. இப்போது கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். போன வாரம் வந்தபோது எங்கள் வீட்டு மிக்ஸியைப் பிரித்துப்போட்டுவிட்டுப் போயிருக்கிறான், இன்னும் மாட்டவில்லை.

மழை பிடிக்கிறது. கோத்தகிரி போகிறவர்கள் முதலில் கேளுங்கள், அவர்களுக்கு பஸ் இருக்கிறது. மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வாருங்கள்.