பனிக்குள் ஒரு பாசறை

நேயர்களுக்கு வணக்கம். ராணுவத்தின் பொறியியல் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தவன் நான். பாசறை அமைப்பதே தொழிலாக இருந்ததால், எங்கே எந்தப் பாசறையைக் கண்டாலும் கண் அதன் மீதுதான் போகும். இன்றைக்குப் பேசப் போவதும் ஒரு பாசறையைப் பற்றித்தான். அது கற்பனைப் பாசறை. 1980இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் வரிசைப் படமான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’கில் வருவது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோத் என்று ஒரு கோள், எங்கு பார்த்தாலும் பனி. நார்வேயில் ஃபின்சே என்ற ஊருக்கு அருகே உறைபனியில் போய்ப் படமெடுத்தார்கள். பார்க்கும் நமக்கே விரல் விறைக்கும். பேரரசை எதிர்க்கும் கிளர்ச்சிப் படை அந்தப் பனியைக் குடைந்து ஒளிந்திருக்கிறது. அந்த இடத்துக்கு எக்கோ தளம் என்று பெயர். பேரரசின் வேவு இயந்திரம் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. படை வந்து இறங்குகிறது, கிளர்ச்சியாளர்கள் தளத்தை விட்டுப் போகிறார்கள். ‘அசட்டையாக இருந்து அகப்பட்டுக்கொண்டார்கள்’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என்றாவது அகப்படுவோம் என்று தெரிந்தே கட்டிய தளம் அது.

அந்தத் தளத்துக்கு மேலே ஓர் ஆற்றல் கவசம் இருக்கிறது. விண்ணிலிருந்து எத்தனை குண்டு போட்டாலும் தாங்கும் என்று எதிரித் தளபதியே சொல்கிறார். யாரும் வரமாட்டார்கள் என்று நம்புகிறவன் இப்படியொரு கவசத்தை ஏன் நிறுவ வேண்டும்? வெளியே பதுங்குகுழிகளும் பீரங்கி மேடைகளும் ஏன்?

அயனிப் பீரங்கியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பனிமேட்டில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். அது சுடும்போது கவனியுங்கள். எதிரியின் பெருங்கப்பல் வெடித்துச் சிதறுவதில்லை. அதன் உடம்பெங்கும் மின்பொறி ஓடுகிறது, கப்பல் செயலிழந்து சாய்கிறது. அந்த இடைவெளியில் ஆட்களை ஏற்றிய கப்பல் ஒன்று, இரண்டே இரண்டு சிறு விமானங்களின் துணையோடு, அதைக் கடந்து போய்விடுகிறது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அந்தப் பீரங்கி அங்கே இருப்பது வெளியே போகிறவர்களுக்கு வழிவிடத்தான். கவசத்தைக் கொஞ்ச நேரமே திறக்க முடியும், அதற்குள் போய்விட வேண்டும், எல்லோரும் எங்கே கூட வேண்டும் என்று கிளர்ச்சிப் படைத் தலைவர்களில் ஒருத்தியான லேயா விமானிகளுக்கு விளக்குகிறாள். அவ்வளவும் ஒரே நாளில் யோசித்த ஏற்பாடாக எனக்குத் தெரியவில்லை.

என் முதல் பனிமலை முகாம் நினைவுக்கு வருகிறது. கூடாரக் கயிற்றைக்கூட நாங்கள் இழுத்துக் கட்டவில்லை. அதிகாரி வந்தார், ‘முதலில் மூங்கில் கழிகளை எடுங்கள்’ என்றார். மலையிறங்கும் பாதையில் இருபது அடிக்கு ஒரு கழி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டினோம். அன்றிரவு இடுப்பளவு பனி பெய்தது. விடிந்து பார்த்தால் பாதை இருந்த அடையாளமே இல்லை. வெள்ளை வெளியில் சிவப்புத் துணிகள் மட்டும் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. அந்த முகாமிலிருந்து நாங்கள் ஓட வேண்டி வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் போய்ப் பனியைத் தட்டிவிட்டு, சாய்ந்த கழிகளை நிமிர்த்தினோம். எக்கோ தளத்தின் தளபதி ஜெனரல் ரீக்கன் வேவு இயந்திரத்தின் செய்தி கேட்டதும் ஒரு நொடிகூட வாதாடாமல், தளத்தைக் காலிசெய்யத் தொடங்கலாம் என்று சொல்லும் இடத்தில், எனக்கு அந்தக் கழிகள்தான் தெரிகின்றன.

அப்படியானால் எதில் தவறினார்கள்? அந்த மண்டலத்தில் விண்கற்கள் ஓயாமல் விழுகின்றன. நெருங்கி வரும் கப்பல்களைக் கண்டுபிடிப்பது கடினம் என்று ரீக்கனே முன்பு கவலைப்படுகிறார். அதற்கும் முன்னால், வேவு இயந்திரம் வந்து விழும்போது, விண்கல் விழுந்தது என்றே கிளர்ச்சிப் படையின் விமானி லூக் நினைக்கிறான். ஒளிய இடம் கொடுத்த அந்த விண்கற்களே வேவுக்காரனுக்கும் மறைப்பாகிவிட்டன. இன்னொன்று, கவசம் மேலிருந்து வருவதைத்தான் தடுக்கும். எதிரி தொலைவில் இறங்கி, நான்கு கால் இயந்திரங்களில் நடந்தே உள்ளே வந்துவிட்டான். அவற்றின் கால்களில் கம்பிவடத்தைச் சுற்றி வீழ்த்தும் உத்தி, போர் நடுவே லூக்குக்குத் தோன்றியது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் சைகை காட்டுகிறார்கள். அட்மிரல் ஓசலைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். பேரரசின் கப்பற்படையை அவர் கோளுக்கு மிக அருகே கொண்டுவந்து நிறுத்தியதால்தான் தளம் உஷாரானது, கவசத்தை ஏற்ற அவகாசம் கிடைத்தது. அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால் எத்தனை கப்பல் தப்பியிருக்கும் என்பது பெரிய கேள்வி. லேயா ஏற வேண்டிய கப்பலுக்குப் போகும் வழியும் பனி சரிந்து அடைபட்டுவிடுகிறது. அவளை ஏற்றாமலே அந்தக் கப்பலைக் கிளம்பச் சொல்லிவிட்டு, கிளர்ச்சியாளர்களோடு இருக்கும் கப்பலோட்டி ஹான் சோலோ தன் பழுதான கப்பலை நோக்கி அவளை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். வணக்கம்.