மரம் மட்டும் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

உடம்பும் மனசும் தேற வேண்டும் என்று பயணம் போகிறவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். காடு, மலை, அருவி என்று தேடிப் போகிறார்கள். அதில் நியாயம் உண்டு. ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவப் பதிவுகளை அவர் பார்த்தார். பாதிப் பேருக்குப் படுக்கையிலிருந்து மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது இயற்கையோடு இருந்தவர்களில், உடல்நலம் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். அந்த நேரத்தை ஒரே நாளில் கழித்தாலும் சரி, பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் சரி.

அப்படியானால் பக்கத்துப் பூங்காவே போதுமே, எதற்காகத் தொலைவுக்குப் போக வேண்டும்? மனிதர்களுக்காக என்பேன். விடியலில் எழுந்து வயலுக்கோ கடலுக்கோ போய், பொழுது சாய்ந்ததும் கூடிப் பேசுகிற ஓர் ஊரில் சில நாள் தங்கினால், நம் நாளும் அவர்கள் நாளின் போக்குக்கு இறங்கிவரும். எந்த மூலிகைக் குளியலும் இதைத் தராது.

ஆனால் பல விடுதிகள் மதில் கட்டி, அந்த ஊரையே நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுகின்றன. உள்ளே நீச்சல் குளம் நிரம்பி வழியும், வெளியே கிணறு வற்றும். வந்தவர் நலம்பெற, இருப்பவர் குடத்தோடு அலைவதா? இதை என்னால் ஏற்க முடியவில்லை.

பசிபிக் தீவு நாடான பலாவ் 2017இல் ஒரு வழி கண்டது. அங்கே இறங்குகிறவரின் கடவுச்சீட்டில் ஓர் உறுதிமொழியை முத்திரையாகக் குத்துகிறார்கள். தீவைக் கெடுக்க மாட்டேன் என்று அந்நாட்டுக் குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்து, அதில் கையெழுத்திட வேண்டும்.

நம்மை யாரும் கையெழுத்துக் கேட்காத இடத்திலும் நாமே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். தங்கும் வீடு யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நாம் கொடுக்கும் பணம் ஊருக்குள் தங்குமா? வழிகாட்டியாக அந்த ஊர்க்காரரையே அழையுங்கள். அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். தங்களுக்கென்று அவர்கள் ஒதுக்கி வைத்த இடங்கள் இருக்கும். கேட்காமல் அங்கே நுழையாதீர்கள், படம் எடுக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.