சூட்டுக்கு ஏறாத எண்

வணக்கம் நேயர்களே. எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் பற்றிப் பேசச் சொன்னார்கள். நிலநடுக்கோட்டை அண்டிய நாடுகளில் குறைவாகவே வரும் நோய், அதனாலேயே திருகோணமலையில் ஒருவருக்கு வந்தால் பேர் கண்டுபிடிக்கவே நாள் செல்லும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளின் மேலுறையை அரிக்கிறது, அப்புறம் உள்ளே இருக்கும் நாரும் சிதைகிறது.

நார் சிதைந்தால் அதிலுள்ள நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் கசிந்து கொஞ்சம் இரத்தத்துக்கும் வரும். கொஞ்சம் என்றால் ஒரு மில்லிலீட்டரில் சில பிக்கோகிராம், ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோகிராம். முன்பு முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துத்தான் இதை நன்றாக அளக்க முடிந்தது, சிமோவா என்ற நுட்பம் வந்தபின் கையில் எடுக்கும் இரத்தமே போதும்.

சரி, இதனால் என்ன லாபம்? கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நாலு வாளி அள்ளி ஊற்றிவிட்டு நிமிரும்போது கண் மங்கி, கால் இழுத்தால், நோய் திரும்பிவிட்டது என்று வீடே கலங்கிப்போகும். உடம்பை வருத்தினால் கண் மங்குவதை 1890இலேயே ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் எழுதிவைத்தார், சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது: உறை போன நரம்பு சூட்டில் சரியாகக் கடத்தாது, உடம்பு ஆறினால் பார்வை திரும்பும். புதிதாக நார் சிதையவில்லை, ஆகவே அந்தப் புரதமும் ஏறாது. உண்மையான தாக்குதல் என்றால் இரத்தத்தில் அதன் எண் பெரும்பாலும் ஏறிச் சில வாரங்கள், சிலவேளை மாதக்கணக்கில்கூட நிற்கும், மருந்து பிடித்தால் மெல்ல இறங்கும்.

ஆனால் ஒற்றை எண்ணை நம்பி ஓடாதீர்கள். வயது ஏற ஏற இதுவும் ஏறும், சிறுநீரகம் பழுதானாலும், பாரிசவாதம் வந்தாலும், தலையில் அடிபட்டாலும் ஏறும், உடல் பருத்தவருக்குக் குறைவாகக் காட்டும். அடுத்த வீட்டு அக்காவின் எண் உங்களுக்கு உதவாது. மருந்து தொடங்கும் முன் எடுத்த உங்கள் எண்ணைக் கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள், அதோடுதான் ஒப்பிட வேண்டும். எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு இது மாற்று அல்ல.

என்னைக் கேட்டால் இதைவிட அவசரமான இரத்தப் பரிசோதனை ஒன்றிருக்கிறது, என்.எம்.ஓ. என்கிற நியூரோமைலிட்டிஸ் ஒப்டிகா நோயைக் காட்டிக்கொடுக்கும், 2004இல் கண்டறிந்த எதிர்ப்பொருளுக்கான பரிசோதனை. எம்.எஸ். போலவே கண்ணையும் முள்ளந்தண்டையும் தாக்கும் என்.எம்.ஓ. வேறு நோய், எம்.எஸ். என்று நினைத்து பீட்டா இன்டர்ஃபெரோன் என்ற எம்.எஸ். மருந்தை ஏற்றினால் அது மோசமாகலாம். ஆகவே முதல் ஊசிக்கு முன்னமே, "டொக்டர், அந்தப் பரிசோதனை செய்தாச்சா?" என்று கேளுங்கள்.