மதிப்பெண் இல்லாத பாடவேளை

வணக்கம் நேயர்களே. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர். இப்போது மணி அடிக்க அடிக்க ஆள் மாறுகிறது. முதல் வாரம் முழுக்க, அடுத்து யார் வரப்போகிறார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம், கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் அந்தப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான சமயப் பாடமான மறைக்கல்வி வகுப்பும் எடுத்தேன்.

“சிஸ்டர் ஸ்கூலில் அப்படி என்ன தனியாகச் சொல்லித் தருகிறீர்கள்?” என்று பெற்றோர் கேட்பார்கள். பாடப்புத்தகம் அரசு தருகிற அதே புத்தகம்தான். கணக்கில் எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துப் போடும் இயற்கணிதம், விகிதம். அறிவியலில் அளவீடுகள், விசையும் இயக்கமும். என் பாடத்தில் சிந்துவெளி, அப்புறம் பூம்புகார், மதுரை, காஞ்சி. வேறுபாடு கால அட்டவணையில் ஒரே ஒரு கட்டத்தில் இருக்கிறது. அதில் ‘மறைக்கல்வி / நன்னெறி’ என்று எழுதியிருக்கும்.

அந்த மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் திருவிவிலியத்தை எடுத்துக்கொண்டு ஓர் அறைக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு இன்னோர் அறையில் நன்னெறி. அரசு உதவி பெறும் பள்ளியில் யாரையும் சமயப் போதனையில் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கக் கூடாது, சிறு பிள்ளை என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது.

எங்கள் கடற்கரையில் மறைக்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியதைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து சொல்லித் தந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம். 16 பக்கம்தான். அதுவும் மறைக்கல்விப் புத்தகமே. இதைச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கண் விரியும். தம் கையிலிருக்கும் புத்தகத்துக்கு இத்தனை வயதான ஒரு பாட்டி இருக்கிறாள் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி.

ஒருமுறை சமூக அறிவியல் வகுப்பில் சிந்துவெளி நடத்திக்கொண்டிருந்தேன். சிந்துவெளி முத்திரைகள் மெசபடோமியாவில் ஊர் என்ற நகரத்தில்கூடக் கிடைத்திருக்கின்றன என்றேன். அந்த வாரமே மறைக்கல்வியில் ஆபிரகாம் கதை. அவருடைய குடும்பம் ஊர் நகரத்திலிருந்து கிளம்பியது என்று வாசித்ததும் ஒரு சிறுமி எழுந்தாள். “டீச்சர், ஆபிரகாமோட ஊருக்குப் பேரே ஊரா? நீங்க நேத்து சொன்ன அதே ஊரா?” பல ஆய்வாளர்கள் அப்படித்தான் கருதுகிறார்கள் என்றேன். அவள் மதியச் சாப்பாட்டின்போது இதை வேப்பமரத்தடியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். நன்னெறி அறையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே, “இப்ராஹீம் நபியைத்தானே சொல்றே? எங்க உம்மா முழுக் கதையும் சொல்லியிருக்காங்க” என்றாள். அன்று மணி அடித்தும் ஒருத்தியும் டிபன் டப்பாவை மூடவில்லை.

சரி, என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது இந்தப் பாடவேளைதான். மதிப்பெண் இல்லை அல்லவா? “இந்தப் பீரியடை எனக்குக் கொடுத்துடுங்க, போர்ஷன் முடியல” என்று கேட்டு வருவார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். அதைவிட வருத்தம், நன்னெறி அறையின் நிலை. மறைக்கல்விக்குப் பாடம் தயாரித்து வருவோம், படம் ஒட்டுவோம், கதை சொல்வோம். நன்னெறி அறையிலோ யாருக்கு வேலை இல்லையோ அவர் போய் உட்காருவார். “சத்தம் போடாம வீட்டுப்பாடம் எழுதுங்க” என்பதோடு சரி. ஒருநாள் ஒரு பிள்ளை என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்டாள்: “அவங்களுக்குக் கதை, எங்களுக்கு மட்டும் வீட்டுப்பாடமா டீச்சர்?”

எனக்குப் பதில் வரவில்லை. கத்தோலிக்கப் பள்ளி என்று பெயர்ப்பலகை மாட்டிய பிறகு, அதை நம்பி வந்த எல்லாப் பிள்ளைக்கும் அந்த நேரத்தில் சமமான பங்கு உண்டு. தலைமை ஆசிரியரான சிஸ்டரிடம் பேசி, அடுத்த வாரத்திலிருந்து நன்னெறி அறைக்கும் ஒருவர் தயாரித்துக்கொண்டு போவதென்று முடிவு செய்தோம். முதல் முறை நானே போனேன். புத்தகம் எடுக்கவில்லை. “மீன் வாங்கப் போறீங்க. ஏலக் கூடத்தில் அவசரத்தில் அந்த அம்மா பத்து ரூபா கூடுதலாச் சில்லறை கொடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து பார்க்கிறீங்க. என்ன செய்வீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

திருப்பிக் கொடுக்கணும் என்றாள் ஒருத்தி. பஸ்ஸுக்கே பத்து ரூபா ஆகுமே என்றாள் இன்னொருத்தி. “எங்க அம்மாதான் டீச்சர் மீன் விக்கிறாங்க. ராத்திரி எண்ணிப் பார்க்கும்போது பத்து ரூபா குறைஞ்சா தூங்க மாட்டாங்க” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். அறை அமைதியானது. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மணி அடித்தது எனக்கே கேட்கவில்லை. அடுத்த பாடவேளைக்கு வந்த கணக்கு டீச்சர், சாக்பீஸ் டப்பாவைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.